மயேன் ஆற்றின் இழுவைப்பாதை: மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லாத ஒரு சைக்கிள் வழி

பிரான்சில் ஆற்றோரமாகச் சைக்கிள் பயணம் செய்ய விரும்புகிறவர்களுக்கு எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் லுவார். நெவேர் நகருக்கு அருகிலிருந்து அட்லாண்டிக் கடல் வரை ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளும் 'லுவார் ஆ வெலோ' என்ற சைக்கிள் வழி அந்தப் புகழுக்கு முற்றிலும் தகுதியானது. ஷாம்போர், அம்புவாஸ், சோமூர் என்று அரண்மனைகளும் கோட்டைகளும் வழிநெடுக வந்துகொண்டே இருக்கும். ஆனால் மோட்டார் வண்டிகளே வராத பாதை என்று நம்பிச் செல்கிறவர்களுக்கு அங்கே ஓர் ஏமாற்றம் உண்டு. அதன் பெரும்பகுதி சிற்றூர்ச் சாலைகளிலும் வெள்ளத்தடுப்புக் கரைகளின் மேல் போடப்பட்ட தார்ச்சாலைகளிலும் செல்கிறது. அங்கே போக்குவரத்து குறைவுதான், என்றாலும் கார்கள் வரத்தான் செய்கின்றன. சிறு குழந்தைகளோடு செல்பவர்களும், முதன்முறையாகச் சுமைப்பைகள் மாட்டிய சைக்கிளை ஓட்டுபவர்களும், பின்னால் வரும் ஒலிக்குக் காது கொடுத்தே களைத்துப் போகிறவர்களும் லுவாருக்கு வடக்கே, அதன் நீர்த்தொகுதியைச் சேர்ந்த மயேன் ஆற்றுக்குச் செல்வது நல்லது என்பதே என் முடிவு.

மேற்குப் பிரான்சின் மிக உயரமான இடமான, 416 மீட்டர் உயரமுள்ள அவலுவார் குன்றின் சாரலில் மயேன் பிறக்கிறது. ஆஞ்சே நகருக்குச் சற்று மேலே சார்த் ஆற்றோடு கூடி 'மேன்' என்ற பெயரைப் பெறும் அது, சில கிலோமீட்டர் ஓடியதும் லுவாரில் கலந்துவிடுகிறது. 19ஆம் நூற்றாண்டில் சரக்குப் படகுகள் செல்வதற்காக இந்த ஆற்றைப் படிப்படியாகத் தடுப்பணைகளாலும், படகுகளை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளாலும் ஒழுங்குபடுத்தினார்கள். படகுகளைக் குதிரைகள் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்துச் சென்றன. அந்தக் குதிரைகள் நடந்த தடம்தான் இன்றைய சைக்கிள் பாதை. மயேன் நகரிலிருந்து லவால், ஷாத்தோ-கோந்தியே வழியாகத் தாவோன் என்னும் சிற்றூர் வரை சுமார் 85 கிலோமீட்டருக்கு இந்த இழுவைப்பாதை ஆற்றை விட்டு விலகுவதில்லை. தொடக்கத்திலிருந்தே அது சாலையாக இருந்ததில்லை என்பதால், பின்னாளில் கார்களை வெளியேற்ற வேண்டிய தேவையே எழவில்லை. பிரான்சின் வாகனச் சட்டம் 2004ஆம் ஆண்டில் 'பசுமை வழி' என்ற வகையைத் தனியே வரையறுத்தபோது, நடப்பவர், சைக்கிள் ஓட்டுபவர், குதிரையில் செல்பவர் ஆகியோருக்கு மட்டுமே உரிய பாதை என்று அதற்கு விளக்கம் தந்தது. மயேன் கரைக்கு அந்த விளக்கம் அப்படியே பொருந்துகிறது.

பிரான்சின் பசுமை வழிகள் பலவும் கைவிடப்பட்ட ரயில் தடங்களின் மீது அமைந்தவை. பூர்கோன் பகுதியில் 1997இல் திறக்கப்பட்ட க்ளுனி வழி அவற்றுள் முன்னோடி. ரயில் தடத்தில் ஏற்றம் மென்மையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது நேர்கோட்டை விரும்புகிறது. அடுத்த அரைமணி நேரத்தில் என்ன வரும் என்பது முன்கூட்டியே கண்ணில் தெரிந்துவிடும். ஆற்றங்கரையில் அப்படி இல்லை. மயேன் ஓயாமல் வளைகிறது. ஒவ்வொரு வளைவுக்கு அப்பாலும் ஒரு தடுப்பணையின் இரைச்சலோ, மறுகரையில் ஒரு பழைய மாவாலையோ, நீரை ஒட்டி நிற்கும் செங்காவி நிறப் பசுக்களோ எதிர்ப்படுகின்றன. நீர்ப்பூட்டுகள் உள்ள இடங்களில் மட்டும் பாதை சில அடிகள் இறங்குகிறது, மற்றபடி சமதளம்தான். மயேன் நகரிலிருந்து கீழ்நோக்கிச் செல்பவருக்குக் கியர் மாற்றும் அவசியம் அரிதாகவே நேரும்.

பாதையின் மேற்பரப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் பயணத்தின் சுகம் பெரும்பாலும் அதைப் பொறுத்ததே. நகரங்களுக்குள் தவிர, இங்கே பெரும்பாலும் தார் இல்லை. நுண்கற்களையும் மணலையும் நீர் தெளித்து இறுக்கிய தரை அது. உலர்ந்திருக்கும்போது மென்மையான தார்ச்சாலைக்கு ஏறத்தாழ ஈடாகவே இருக்கிறது. ஆனால் மழை பெய்த மறுநாள் அந்த நுண்மணல் சேறாகிச் சங்கிலியிலும் பிரேக் கட்டைகளிலும் ஒட்டிக்கொள்கிறது. மாலையில் சைக்கிளைக் கழுவாமல் விட்டால் மறுநாள் முழுவதும் அரைக்கும் ஒலி கேட்கும். மெல்லிய டயருள்ள பந்தயச் சைக்கிளைக் கொண்டு செல்வதில் பொருளில்லை. 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர்களும் மட்கார்டும் இருந்தால் குறையொன்றும் தெரியாது. மரவேர்கள் தரையைத் தூக்கியிருக்கும் சில இடங்களில் கைகள் குலுங்குவதைத் தவிர்க்க முடியாது.

மயேன் முதல் லவால் வரையிலான மேற்பகுதியே இந்த வழியின் சிறந்த பகுதி என்பேன். பள்ளத்தாக்கு இங்கே குறுகலானது. இரு கரைகளிலும் காடு சரிந்து இறங்குகிறது. கிராமங்கள் மேட்டில் இருப்பதால் கண்ணில் படுவதில்லை. மீன்கொத்தியும் சாம்பல் நாரையும் மனிதர்களைப் பொருட்படுத்தாமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. சில தடுப்பணைகளில் சிறு நீர்மின் நிலையங்கள் இயங்குகின்றன என்றாலும் அவை காட்சியைக் கெடுப்பதில்லை. நீர்ப்பூட்டுக் காவலர்களின் பழைய வீடுகளில் சில இப்போது சிற்றுண்டிக் கடைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் மாறியிருக்கின்றன. கோடைக்காலத்தில் வாடகைப் படகுகளில் வரும் குடும்பங்கள் நீர்ப்பூட்டில் மாட்டிக்கொண்டு தடுமாறுவதைக் காப்பி குடித்தபடியே பார்த்துக்கொண்டிருக்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

லவால் நகரை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. ஓவியர் ஆன்ரி ரூசோ 1844இல் இங்கேதான் பிறந்தார். அவருடைய கல்லறை ஆற்றைப் பார்த்திருக்கும் பெரின் பூங்காவில் இருக்கிறது. பழைய கோட்டைக்குள் முறையான ஓவியக் கல்வி இல்லாதவர்களின் படைப்புகளுக்கென ஓர் அருங்காட்சியகமும் உண்டு. ரூசோவின் அடர்ந்த காடுகள் அவர் ஒருபோதும் நேரில் காணாத வெப்பமண்டலத்தைச் சேர்ந்தவை என்பார்கள். மேற்பகுதியின் பச்சையைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அந்தக் கற்பனைக்கு விதை இங்கேயே கிடைத்திருக்குமோ என்று தோன்றும். இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள்.

லவாலுக்குத் தெற்கே பள்ளத்தாக்கு விரிந்து, மேய்ச்சல் நிலம் மிகுகிறது. ஓந்த்ராம் ஊருக்கு அருகே கரையிலேயே போர்-துய்-சலூ மடாலயம் நிற்கிறது. புரட்சிக் காலத்தில் நாட்டைவிட்டு வெளியேறிய துறவிகள் 1815இல் திரும்பி வந்து குடியேறிய இடம் அது. அவர்கள் செய்த பாலாடைக்கட்டிதான் அந்தப் பெயரை உலகறியச் செய்தது. பெயரின் உரிமையை அவர்கள் 1959இல் விற்றுவிட்டதால் இன்று கடைகளில் அதே பெயரில் கிடைப்பது தொழிற்சாலைப் பொருள். அதைத் தேடிக் களைப்பதைவிட உள்ளூர்ச் சந்தையில் பெயரில்லாத ஒன்றை வாங்குவது மேல். ஷாத்தோ-கோந்தியே இரவு தங்குவதற்கு ஏற்ற அளவான ஊர். அதற்குக் கீழே தாவோன் வரையிலான பகுதி அழகானதுதான், ஆனால் மேற்பகுதியைக் கண்ட கண்ணுக்குச் சற்றே ஒரே மாதிரியாகத் தோன்றலாம்.

இந்த அமைதிக்கு ஒரு விலை உண்டு. அது உணவு விஷயத்தில் தெரியும். பாதையின் மீது ஊர்கள் அதிகம் இல்லை. இருக்கும் சிற்றூர்களிலும் உணவகங்கள் நண்பகல் 12 மணி முதல் 2 மணி வரைதான் மதிய உணவு தரும். இரண்டரைக்குப் போய்க் கதவைத் தட்டினால் மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்கள். ஞாயிறு பிற்பகலும் திங்கட்கிழமையும் இன்னும் கடினம். ஆகவே காலையில் கிளம்பும்போதே பேக்கரியில் ரொட்டியும், சந்தையில் பழமும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். குடிநீர் தீர்ந்துவிட்டால் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தைத் தேடலாம். மலர்களுக்கு நீர் ஊற்றுவதற்காக அங்கே குழாய் இருக்கும். பிரெஞ்சு சைக்கிள் பயணிகள் அனைவரும் அறிந்த உபாயம் இது. குடிக்கத் தகாத நீர் என்ற அறிவிப்பு மாட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்குமிடத்துக்கு 'அக்கேய் வெலோ' முத்திரையுள்ள விடுதிகளையும் கூடார முகாம்களையும் தேர்ந்தெடுப்பது நலம். வழியிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருப்பவற்றுக்கே அந்த முத்திரை தரப்படுகிறது. பூட்டி வைக்கத்தக்க சைக்கிள் கொட்டகையும் பழுதுபார்க்கும் கருவிகளும் அங்கே இருக்கும்.

வழிகாட்டிப் பலகைகளில் குறை சொல்ல ஏதுமில்லை. விஸ்திரேயாம் கடற்கரையிலிருந்து லா ரொஷெல் வரை செல்லும் 'வெலோ பிரான்செத்' நெடுவழியின் ஒரு பகுதியாக இந்தப் பாதை இருப்பதால், அதன் சின்னத்தைப் பின்தொடர்ந்தாலே போதும். கார் நுழையாமல் இருக்கப் பாதையின் குறுக்கே வைத்துள்ள தடுப்புகள்தான் தொல்லை. தனிச் சைக்கிளுக்கு அவை பொருட்டில்லை. குழந்தை இழுவண்டியோடு வருகிறவர் சில இடங்களில் இறங்கி, வண்டியைச் சாய்த்துக் கடக்க வேண்டியிருக்கும். மீன்பிடிப்பவர்களின் நீண்ட தூண்டில்கள் பாதையின் குறுக்கே கிடப்பதும் வழக்கம். மணி அடிப்பதற்கு முன் 'போன்ஷூர்' சொல்வது இங்கே நல்ல பலன் தருகிறது. எனினும் மணி இல்லாத சைக்கிளை ஓட்டுவது சட்டப்படி தவறு. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 2017 மார்ச் முதல் தலைக்கவசம் கட்டாயம். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டுபவர் ஒளியை எதிரொளிக்கும் மேலங்கி அணிந்தாக வேண்டும்.

தாவோனுக்குத் தெற்கே நிலைமை மாறுகிறது என்பதை விளம்பர ஏடுகள் அழுத்திச் சொல்வதில்லை. ஆஞ்சே வரையிலான மீதித் தொலைவில் வழி அவ்வப்போது ஆற்றை விட்டு விலகிச் சிறு சாலைகளில் ஏறி இறங்குகிறது. லெ லியோன் தாஞ்சே, க்ரே-நெவில் போன்ற ஊர்கள் பார்க்கத் தக்கவை. பெரியவர்களுக்கு இது இனிய மாற்றமாகவும் அமையலாம். ஆனால் கார் இல்லாத பாதை என்பதற்காகவே வந்த குடும்பங்கள் தாவோனில் திரும்பி ஷாத்தோ-கோந்தியே வழியாக லவாலுக்கே போவது நல்லது. ஆஞ்சே நெருங்கும் இடத்தில் ஆறுகள் கூடும் புல்வெளிகள் குளிர்காலத்தில் வெள்ளத்தில் மூழ்கும். நவம்பர் முதல் மார்ச் வரை இந்தப் பயணத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மே மாத இறுதியும் செப்டம்பரும் சிறந்தவை. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில்கூட லுவார் கரையின் நெரிசலில் பத்தில் ஒரு பங்கும் இங்கே இருக்காது என்பது என் மதிப்பீடு.

மயேன் நகருக்கு இப்போது பயணிகள் ரயில் கிடையாது. பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ரென் செல்லும் தடத்தில் லவாலில் இறங்கி, அங்கிருந்து ஆற்றை எதிர்த்து மயேன் வரை ஓட்டிச் சென்று, இரவு தங்கி, அதே கரையில் திரும்புவதே எளிய ஏற்பாடு. ஒரே பாதையை இருமுறை ஓட்டுவது வீண் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: மேலே போகும்போது தடுப்பணைகள் முகத்துக்கு நேரே விழுகின்றன, கீழே வரும்போது அவற்றின் ஒலி மட்டுமே முதலில் வருகிறது. அதிவேக ரயிலில் சைக்கிளைக் கழற்றிப் பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். முழுச் சைக்கிளுக்கு இடம் தரும் வண்டிகளில் அந்த இடங்கள் மிகச் சில என்பதால், பயணச்சீட்டு வாங்கும்போதே அவற்றை முன்பதிவு செய்துவிட வேண்டும்.