வேலூரில் ரோபோ கிட் வாங்குகிறவர்களுக்கு: முதலில் பேட்டரியை எடை போடுங்கள்

காட்பாடியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். பத்தாவது படிக்கும் என் மகளுக்கும் அவளுடைய தோழிகள் மூன்று பேருக்கும் ரோபோ கிட் வாங்கி ஏமாந்தேன். அறிவியல் கண்காட்சி சமயத்தில் இதே சாமானைத் தேடிப் பலரும் அலைவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வேலூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை. கிட் ஒன்று 1,450 ரூபாய், நான்குக்கு 5,800. உள்ளங்கை அளவு வண்டி. வண்டிக்கு மூளையான, வைஃபை உள்ள இ.எஸ்.பி. 32 போர்டு, இரண்டு சின்ன என்20 கியர் மோட்டார், அவற்றை இயக்கும் மோட்டார் டிரைவர், ஒரு 18650 செல் (சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் பேட்டரி), 5 வோல்ட்டுக்கு ஏற்றும் பூஸ்டர், சார்ஜர் போர்டு. வைஃபையில் இணைத்து போனிலேயே ஓட்டலாம். பக்கத்துக்கு இரண்டு வண்டியாக நிறுத்தி, பிங்பாங் பந்தைத் தள்ளி கோல் போடும் ஆட்டம் என்பது பிள்ளைகளின் திட்டம். கடையில் ஓட்டிக் காட்டினார்கள், அருமையாக ஓடியது. ஆனால் அது யு.எஸ்.பி. வயரில் ஓடியது. செல்லில் ஓட்டச் சொல்லி நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து செல்லைப் போட்டு ஓட்டினால், வண்டி ஒரு விரற்கடை நகரும். போர்டின் சிவப்பு விளக்கு மங்கும். போனில் வைஃபை அறுந்துவிடும். சில நொடி கழித்து போர்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நான்கு வண்டியும் இப்படியே.

கடைக்குப் போன் செய்தேன். "அண்ணா, போர்டு எல்லாம் செக் பண்ணிதான் கொடுத்தோம். பாப்பா கோடிங்ல ஏதோ தப்பு பண்ணியிருக்கும், நல்லா பாக்கச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர். அதை நான் நம்பியதுதான் பெரிய தப்பு. மகளிடம் அப்படியே போய்ச் சொன்னேன்.

எட்டு நாள் அவள் கோடை மாற்றி மாற்றி எழுதினாள். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் முயற்சி 1, முயற்சி 2 என்று குறித்துக்கொண்டே வந்திருக்கிறாள். 23 வரை போயிருந்தது. 23க்குக் கீழே, "எனக்கு இதெல்லாம் வராது போல" என்று பென்சிலில் எழுதி, அதைப் பாதி அழித்திருந்தாள். அந்தப் பக்கத்தைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. 5,800 ரூபாயைவிட அந்த ஒரு வரிதான் எனக்கு வலிக்கிறது.

மறுநாள், போர்டு கம்ப்யூட்டருக்கு அனுப்பும் எழுத்தைக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் 'பிரவுன்அவுட் டிடெக்டர்' என்று ஒரு வரி வந்தது. வோல்டேஜ் இறங்கினால் போர்டு தானே தன்னை நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடு அது. அணைக்கட்டு, ஊசூர் ஊர்கள் பக்கமிருந்து என்னிடம் வரும் போர்வெல் மோட்டார்களுக்கும் இதே நோய்தான். லோ வோல்டேஜில் ஸ்டார்ட்டிங் கரண்ட் தாங்காமல் உறுமிவிட்டு நின்றுவிடும். சின்ன மோட்டாரும் கிளம்பும்போது ஓடும்போதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதே சமயம் வைஃபை அனுப்பவும் போர்டுக்குக் கால் ஆம்பியர் வரை தேவைப்படும். செல்லில் சத்து இல்லையென்றால் இரண்டையும் எப்படித் தாங்கும்?

செல்லைக் கழற்றி, காப்பர் கம்பி நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் வைத்தேன். 27 கிராம். நல்ல 18650 செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். மேலே ஒட்டியிருந்த லேபிளில் 9800 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தது. செல் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்பதற்கான அளவு அது (மில்லி ஆம்பியர் மணி). பரவலாகக் கிடைக்கும் நல்ல கம்பெனி செல்களே 2000 முதல் 3500 வரைதான். 9800 என்ற எண்ணைப் பார்த்தாலே கீழே வைத்துவிடலாம், 18 மில்லிமீட்டர் தடிமனும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள உருளைக்குள் அவ்வளவு அடங்காது. முழு சார்ஜ் ஏற்றி, 3.9 ஓம் 5 வாட் செராமிக் ரெசிஸ்டரைக் கட்டி மீட்டரோடு உட்கார்ந்தேன். 50 நிமிடத்தில் 3 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது. கணக்குப் போட்டால் 800 கூட வரவில்லை.

இதில் ஆபத்தும் இருக்கிறது. பாதுகாப்பு சர்க்யூட் உள்ள சார்ஜர் என்று சொல்லிவிட்டு சாதா போர்டைக் கொடுத்திருக்கிறார்கள். பாதுகாப்பு உள்ள டி.பி. 4056 என்ற சார்ஜர் போர்டில், உள்ளே வரும் இரண்டு, செல்லுக்கு இரண்டு, லோடுக்குத் தனியாக இரண்டு என்று ஆறு இணைப்பு இருக்கும். எங்களுடையதில் நான்குதான். அந்தப் போர்டு வழக்கமாக 1 ஆம்பியரில் சார்ஜ் ஏற்றும். 3000 செல்லுக்கு அது மெதுவான சார்ஜ், இந்தப் பொய் செல்லுக்கு அளவு மீறியது. சத்துவாச்சாரியில் இருக்கும் தோழி ஒருத்தி இரவு வண்டியை ஆஃப் செய்ய மறந்துவிட்டாள். பாதுகாப்பு இல்லாததால் செல் ஒரேயடியாக வடிந்திருக்கிறது. காலையில் சார்ஜ் போட்டதும் தொட முடியாத சூடு. அவள் அம்மா பார்த்து வயரைப் பிடுங்கினார். இப்படி ஒரேயடியாக வடிந்து சூடான செல்லை மறுபடி சார்ஜ் போடாதீர்கள், ஆர்வத்தில் அறுத்தும் பார்க்காதீர்கள்.

கடைக்கு நேரில் போய்த் தராசில் வைத்தே காட்டினேன். "யூஸ் பண்ணிட்டீங்க சார், எலக்ட்ரானிக் அயிட்டம் ரிட்டர்ன் கிடையாது" என்றார். அதுவரை அண்ணா, அன்றைக்கு சார். பில் கேட்டால் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதி நீட்டினார். வாங்கும்போது நானும் பில் கேட்கவில்லை, நீங்கள் கேளுங்கள். ஜி.பே.யில் கட்டியதால் அந்தப் பதிவாவது கையில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறை. திரும்ப எடுக்கும் கெடுவைப் பில்லில் குறிக்காவிட்டால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதிந்துவிட்டேன். அதில் தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

நல்ல செல் இரண்டும் ஆறு இணைப்பு உள்ள போர்டு இரண்டும் வேறு இடத்தில் பில்லோடு வாங்கினேன். 46 கிராம் காட்டியது. மகள் கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை, முயற்சி 1இல் எழுதியதையே ஏற்றினாள். வண்டி ஹால் முழுக்க ஓடி, பந்தை பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டு நின்றது. நோட்டை எடுத்துவந்து அந்தப் பென்சில் வரியை மீதியும் அழித்தாள்.

பழைய செல்கள் நான்கும் கடை வாசலில் மண் நிரப்பிய தொட்டிக்குள் இருக்கின்றன. புகாரில் என்ன பதில் வருகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.