1971 பீட்டில், மாற்றிய பிரேக், ஜெர்மனியின் டூஃப்: பல வருட அனுபவம்

என்னிடம் இருப்பது 1971ஆம் வருட ஃபோக்ஸ்வேகன் பீட்டில், 1302 மாடல், 44 குதிரைத்திறன். தெற்கு ஜெர்மனியில் பல வருடங்களாக ஓட்டுகிறேன். முன்பக்க டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போட்டிருக்கிறேன். சக்கரங்களும் ஸ்டீயரிங்கும்கூட மாற்றியவைதான். இங்கே பழைய கார் வாங்க நினைக்கும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, “இதையெல்லாம் டூஃப்ல விடுவாங்களா?” என்றுதான். டூஃப் என்றால் கார் சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் கட்டாயப் பரிசோதனை. விடுவார்கள். ஆனால் பாகத்தை வாங்குவதற்கு முன்பே அதற்கான ஒப்புதல் பேப்பர் கையில் கிடைக்குமா என்று பார்த்துவிட வேண்டும். இத்தனை வருடத்தில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதுதான்.

எல்லோரும் டூஃப் என்று சொன்னாலும், டெக்ரா போன்ற வேறு அமைப்புகளும் இந்தப் பரிசோதனையைச் செய்கின்றன. 1951இல் கட்டாயமானது, 1961இலிருந்து ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். சாதாரண காருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. பின் நம்பர் பிளேட்டில் ஒட்டும் வட்ட ஸ்டிக்கரின் நிறம் வருடத்தையும், மேலே நிற்கும் எண் மாதத்தையும் காட்டும். போலீஸ்காரர் தூரத்திலிருந்தே படித்துவிடுவார். கெடு முடிந்து இரண்டு மாதம் தாண்டினால் அபராதம் உண்டு, பரிசோதனைக் கட்டணமும் ஐந்தில் ஒரு பங்கு கூடும்.

அடுத்தது ஹெச் பிளேட், அதாவது பழமை மாறாத பழைய காருக்குத் தரும் தனி நம்பர் பிளேட். கார் முதன்முதலாகச் சாலைக்கு வந்து 30 வருடம் ஆகியிருக்க வேண்டும், பெருமளவு அசல் நிலையில் இருக்க வேண்டும், நன்றாகப் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சாலை வாகன அனுமதி விதிகளின் 23ஆம் பிரிவின்படி ஒரு நிபுணர் பார்த்து அறிக்கை தருவார். அது கிடைத்தால் நம்பரின் கடைசியில் ஹெச் என்ற எழுத்து வரும். லாபம் என்ன என்றால், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத பழைய பெட்ரோல் காருக்கு 100 சிசிக்கு 25.36 யூரோ வரி. என் எஞ்சின் 1285 சிசி, அதை 13 பங்காகக் கணக்கிடுவார்கள், வருடத்துக்கு ஏறக்குறைய 330 யூரோ. ஹெச் பிளேட் இருந்தால் எஞ்சின் அளவு எதுவானாலும் 191 யூரோதான். அதைவிடப் பெரிய விஷயம், புகை குறைந்த கார்களுக்குத் தரும் பச்சை ஸ்டிக்கர் இல்லாமல் நுழைய முடியாத நகரச் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள் ஹெச் பிளேட் கார் தாராளமாகப் போகலாம். என்னைப் போல நகரத்துக்குள் குடியிருப்பவனுக்கு இது இல்லாமல் அந்தக் காரே இல்லை.

அப்படியானால் ஹெச் பிளேட் காரில் எதையும் மாற்றக்கூடாதா என்று கேட்பார்கள். மாற்றலாம். முதல் பதிவிலிருந்து பத்து வருடத்துக்குள் செய்த, அல்லது அந்தக் காலத்தில் செய்திருக்கக்கூடிய மாற்றங்களை ஏற்கிறார்கள். என் காருக்கு அந்த எல்லை 1981. என் டிஸ்க் பிரேக் தப்பித்தது இதனால்தான். அதே வருடங்களில் வந்த 1302 எஸ் மாடலுக்கு 50 குதிரைத்திறன் எஞ்சினும் முன் டிஸ்க்கும் தொழிற்சாலையிலேயே கொடுத்தார்கள். அந்தப் பாகங்களையே தேடி வாங்கிப் போட்டேன். பரிசோதகர் பழைய பாக அட்டவணையைப் புரட்டி எண்ணைச் சரிபார்த்தார், ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மாறாக, எல்இடி ஹெட்லைட்டும் 17 அங்குல அலாய் சக்கரமும் போட்டால் ஹெச் போய்விடும். அவற்றுக்கு ஒப்புதல் வாங்கிச் சாதாரண நம்பரில் ஓட்டலாம், ஆனால் முழு வரி, மண்டலத்துக்குள் அனுமதியும் கிடையாது.

இந்தப் பத்து வருட விதியைக் குறை சொல்பவர்கள் நிறைய. எனக்கு அது நல்ல விதியாகவே படுகிறது. காரை அதன் காலத்துக்குள் வைத்தே மேம்படுத்தச் சொல்கிறது. அதனால்தான் என் காருக்கு எந்தப் பாகம் பொருந்தும் என்று பழைய விளம்பரத் தாள்களையும் பட்டறைக் கையேடுகளையும் உட்கார்ந்து படித்தேன்.

சக்கரத்தில்தான் அலைச்சல். போர்ஷே 911இல் வந்த ஃபூக்ஸ் அலாய்மேல் பீட்டில்காரர்கள் எல்லோருக்கும் ஒரு கண். ஆனால் அதற்கு ஐந்து போல்ட், என் காருக்கு நான்கு. நடுவே அடாப்டர் வைக்க வேண்டும். ஒரு விற்பனையாளர் அடாப்டரோடு சேர்த்து நகல் அலாய் அனுப்பினார், பேப்பர் பின்னால் வரும் என்றார். வரவே இல்லை, எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன். அப்புறம் 1303 எஸ் மாடலின் மஞ்சள்-கறுப்புச் சிறப்புப் பதிப்பில் வந்த 5.5 அங்குல அகல இரும்புச் சக்கரத்தைப் பிடித்தேன். அது 1973ஆம் வருடக் கார், என் எல்லைக்குள் வருகிறது, போல்ட்டும் நான்கு.

அதற்கும் பரிசோதனை உண்டு. முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் கட்டைமேல் ஏற்றி, காரை முறுக்கிய நிலையில் நிறுத்தினார்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முட்டும்வரை திருப்பச் சொன்னார் பரிசோதகர். குனிந்து டார்ச் அடித்து, டயருக்கும் மட்கார்டின் உள்விளிம்புக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தார். பிறகு மறுபக்கம், பிறகு கட்டையை மாற்றி வைத்து மறுபடி முதலிலிருந்து. எங்கும் உரசவில்லை என்றான பிறகே அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையோடு வாகனப் பதிவு அலுவலகம் போய்ப் பதிவுச் சான்றில் ஏற்ற வேண்டும். ஏற்றாத மாற்றத்தோடு ஓட்டினால் காரின் இயக்க அனுமதியே செல்லாமல் போகக்கூடும். விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல்.

மாற்றங்களைவிடத் துருதான் இந்தக் கார்களுக்கு உண்மையான எதிரி. பீட்டிலுக்கு எஞ்சின் பின்னால், அது காற்றில் குளிரும் வகை. அதனால் சூடான காற்று இரண்டு பக்கக் கதவுக்குக் கீழே உள்ள பெட்டிக்குழாய் வழியாகத்தான் முன்னே வரும். அந்தக் குழாய்தான் உடலையும் தாங்குகிறது, அது உள்ளிருந்தே அரிக்கும். பரிசோதகர் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். நல்ல தகடு கணீரென்று கேட்கும், துரு தின்ற இடம் மொத்தென்று கேட்கும். முன் அச்சைத் தாங்கும் சட்டத் தலையையும் இப்படியே பார்ப்பார். அங்கே ஓட்டை என்றால் ஸ்டிக்கர் இல்லை. ஒரு மாதத்துக்குள் சரிசெய்து காட்ட வேண்டும். வாங்கப் போகும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்க்காதீர்கள், லிஃப்டில் ஏற்றித் தட்டிப் பாருங்கள்.

புகைப் பரிசோதனை 1969 ஜூலை முதல் பதிவான பெட்ரோல் கார்களுக்கு உண்டு, என்னுடையது மாட்டிக்கொள்கிறது. 1968 பீட்டில் வைத்திருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு உள்ளே போங்கள், கார்புரேட்டர் ஒழுங்காக இருந்தால் தாண்டிவிடும். குழந்தை இருப்பவர்களுக்கு இன்னொன்று: சீட் பெல்ட் இல்லாத பழைய காரில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றவே கூடாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் பாகம் வாங்கும் முன்பே பரிசோதனை நிலையத்துக்குப் போய், பழைய கார் தெரிந்த நிபுணர் யார் என்று கேட்டு, படத்தையும் பேப்பரையும் காட்டிப் பேசிவிடுங்கள். பெரும்பாலும் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். ஹெச் மதிப்பீட்டில் வழக்கமான பரிசோதனையின் அளவுக்கு எல்லாவற்றையும் பார்ப்பதால், புது ஸ்டிக்கரையும் மாற்றங்களின் ஒப்புதலையும் அதே நாளில் முடித்துத் தரும்படி முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்குங்கள்.