இரண்டு நாட்டிலும் செல்லும் ஒப்பந்தம் என்று சொன்னால் நம்பாதீர்கள்

என் தங்கச்சி கனடாவின் ஒன்ராறியோவில் வளர்ந்தவள், மாப்பிள்ளை சென்னை. இருவருக்கும் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு இருக்கிறது. அதனால் பிரிய நேர்ந்தால் சொத்தை எப்படிப் பங்கிடுவது என்று கலியாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுத விரும்பினார்கள். ஸ்காபரோவில் கன்சல்டன்ட் என்று போர்டு போட்டிருக்கும் ஒருவர், "நான் எழுதினால் கனடாவிலும் செல்லும், இந்தியாவிலும் செல்லும்" என்று 1,800 டொலர் வாங்கினார். சென்னையில் ஒரு பிரதியை ஸ்டாம்ப் பேப்பரில் அடித்து நோட்டரி முத்திரையும் குத்திக் கொடுத்தார்கள்.

கலியாணம் முடிந்த பிறகுதான் ஒரு குடும்பச் சட்டத்தரணி அதை வாசித்தார். பிரிந்தால் தங்கச்சியின் வீட்டை விட்டு மாப்பிள்ளை ஒரு மாதத்துக்குள் போய்விட வேண்டும் என்று எழுதியிருந்தது. ஒன்ராறியோ சட்டப்படி, கணவன் மனைவி குடியிருக்கும் வீட்டில் வசிக்கும் உரிமையை இப்படி எழுதி வாங்க முடியாது. எழுத முடிந்ததும் எழுத வேண்டியதும் அந்த வீட்டின் பெறுமதியைப் பற்றித்தான். கலியாணத்துக்கு முன் இருந்த மற்றச் சொத்தின் பெறுமதி, பிரியும்போது சொத்தைப் பங்கிடும் கணக்கில் கழிக்கப்படும். குடியிருக்கும் வீட்டுக்கு அந்தக் கழிவு கிடையாது. வீட்டின் பெறுமதியைப் பங்கில் சேர்க்கக் கூடாது என்று, தங்கச்சிக்குப் பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டிய அந்த ஒரு வரியைத்தான் அந்த மனிதர் எழுதவே இல்லை! பிறக்கப்போகும் பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அதுவும் செல்லாது.

சொத்து, கடன் விவரம் எதுவும் இணைக்கவில்லை. முக்கியமான சொத்தையோ கடனையோ மறைத்திருந்தால் நீதிமன்றம் ஒப்பந்தத்தையே தள்ளிவிடலாம். இருவருக்கும் ஆலோசனை சொன்னதும் அவர் ஒருவரே.

இந்தியப் பக்கம் இன்னும் மோசம். இப்படியான ஒப்பந்தங்கள் பொதுக்கொள்கைக்கு எதிரானவை என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவைக் காட்டி அங்கே ஒதுக்கிவிடுவார்கள். பழைய போர்த்துக்கேயச் சட்டம் நடக்கும் கோவாவில் மட்டும் கதை வேறு. நோட்டரி முத்திரை செல்லாததைச் செல்ல வைக்காது.

நல்ல வேளை, ஒன்ராறியோவில் கலியாணம் ஆன பிறகும் ஒப்பந்தம் எழுதலாம். இப்போது ஆளுக்கொரு சட்டத்தரணி வைத்து, சொத்துப் பட்டியலோடு புதிதாக எழுதுகிறார்கள். சென்னை வீட்டுக்கு அங்குள்ள வக்கீலிடம் தனியாக ஆலோசனை கேட்டிருக்கிறார்கள்.

காசைத் திருப்பிக் கேட்டால் அந்த மனிதர் போனை எடுப்பதில்லை. ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் இணையதளத்தில் உரிமம் உள்ளவர்களின் பெயர்களைத் தேடிப் பார்க்கலாம். அவர் பெயர் அங்கே இல்லை. சங்கத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அவரிடம் பணம் கொடுத்த வேறு யாரும் இருந்தால், ரசீதோடு நீங்களும் கொடுங்கள்.