இ-பேப்பர் சந்தா: பெரிய செய்தி திறக்கிறது, கட்டச் செய்தி திறப்பதில்லை

இந்த மாதம் இ-பேப்பர் ஆண்டுச் சந்தாவைப் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். நான் படிக்கும் தமிழ் நாளிதழும் அப்படி ஒரு சலுகை அறிவித்திருக்கிறது. அதிலிருந்து தெரிந்தவர்கள் ஆளாளுக்கு, "நீதான் ரொம்ப நாளா வெச்சிருக்கியே, எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். பத்திரிகையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் பார்த்தவரை மற்ற இ-பேப்பர்களிலும் ஏறக்குறைய இதே கதைதான். எத்தனை பதிப்பு, எந்தப் போனில் ஓடும் என்பதெல்லாம் அவர்கள் விளம்பரத்திலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். முன்பு ஏஜென்டின் ஆள் எக்ஸ்.எல். மொபெட்டில் பேப்பர் கட்டை வைத்துக்கொண்டு விடியற்காலையில் வந்துவிடுவார். 2020 ஊரடங்கில் பேப்பரைத் தொட்டால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து ஊரில் பாதிப் பேர் நிறுத்தினார்கள். நாளிதழ் அச்சிடவே தடை போடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம்வரை வழக்கு போனது. நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் நிறுத்தியவர்கள் திரும்பப் போடச் சொல்லவில்லை. மிச்சமிருந்த நாலைந்து வீட்டுக்காக அவ்வளவு தூரம் வந்து போனால் பெட்ரோல் காசுக்கே கட்டுப்படியாகாது, அவர் எங்கள் லைனை விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம்தான் இ-பேப்பருக்கு வந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது. காலை ஐந்து மணிக்கெல்லாம் பக்கம் வந்துவிடுகிறது. பஸ்ஸில் வரும் கட்டு தொப்பூர் கணவாய் நெரிசலில் மாட்டுவது, மழையில் நனைந்து ஒட்டிக்கொண்ட பக்கத்தைப் பிரிப்பது, எதுவும் இல்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். பழைய தேதிக்குப் போகலாம். விளம்பரம் இருக்கிறது, ஆனால் படிக்கிற இடத்தில் மேலே வந்து விழுவதில்லை. இலவச நியூஸ் ஆப்களைத் திறந்தால் ஒரு செய்தியைப் படிப்பதற்குள் மூன்று முறை மூடல் பொத்தானைத் தேட வேண்டியிருக்கும். இதில் அந்தத் தொல்லை கிடையாது.

எதிர்பார்க்காமல் கிடைத்த சந்தோஷம் ஒன்று உண்டு. செய்தியைத் தொட்டுத் திறந்தால் மேலே ஒரு ஒலிபெருக்கிப் படம் வரும். அதை அழுத்தினால் போன் செய்தியை வாசிக்கும்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. எங்களுக்குக் கொஞ்சம் மல்பெரித் தோட்டமும் ஒரு பட்டுப்புழு வளர்ப்பு மனையும் இருக்கின்றன. மனைக்குள் முழு வேலையும் அம்மாதான். முன்பெல்லாம் அப்பா திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். அவருக்கு அவசரம் என்றால் தலைப்போடு சரி. இப்போது போனை மனையின் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நான் தழை வெட்டப் போய்விடுகிறேன். கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்துப் புழு தழை தின்கிற சத்தம் ஓட்டு வீட்டின்மேல் தூறல் விழுகிற மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு நடுவில் அந்தக் குரல் ஒகேனக்கல் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி என்று வாசிக்கும். காவிரி நீரை அளக்கும் பிலிகுண்டுலு என்ற பெயரில் ஒவ்வொரு தடவையும் தடுமாறும், கி.மீ. வந்தால் 'கி', 'மீ' என்று தனித்தனியாகச் சொல்லும். அம்மாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "கபினியத் தொறந்துட்டாங்களாட்ட இருக்கு" என்று தானாகவே சொல்லிக்கொள்வார். தலைப்போடு நின்றிருந்த செய்திகளை இப்போது கடைசி வரி வரைக்கும் கேட்கிறார்.

சி.பா. ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியபோது, குறைவாகப் படித்தவர்களுக்கும் புரிகிற எளிய தமிழில் எழுத வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்துக்கொண்டார். டீக்கடையில் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்டார்கள் என்றால் அந்த மொழியும் ஒரு காரணம். அப்படிப் பார்த்தால் காதால் பேப்பர் படிப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. நடுவில் அறுந்துபோன ஒரு வழக்கத்தை இந்தப் பொத்தான் எங்கள் வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. இதற்காக மட்டுமே நான் சந்தா கட்டுவேன்.

இனி என் கோபம். எங்கள் மாவட்டப் பக்கத்தில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்தே வரும். 2004 பிப்ரவரியிலேயே கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகிவிட்டாலும் இரண்டுக்கும் பக்கம் ஒன்றுதான். சரி, அதில் குறையில்லை. அந்தப் பக்கத்தின் கீழ் மூலையில் இரண்டு விரல் அகலத்துக்குச் சின்னச் சின்னக் கட்டங்கள் வரும். தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடியில் நேற்று எத்தனை கிலோ வரத்து, அதிகபட்ச விலை, குறைந்தபட்ச விலை, சராசரி. பாலக்கோடு தக்காளி விலை. நாளைக்கு மின்தடை எந்தெந்த ஊருக்கு. விவசாயிகள் குறைதீர் கூட்டம் எந்தத் தேதி. தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது. பேப்பரைத் திருப்பியதும் எங்கள் ஊரில் எல்லோருடைய கண்ணும் முதலில் போவது அங்கேதான்.

இ-பேப்பரில் அந்தக் கட்டம் திறப்பதில்லை.

தலைப்புச் செய்தியைத் தொட்டால் அழகாக எழுத்தாக விரிகிறது. பக்கத்திலிருக்கும் அரசியல் அறிக்கையைத் தொட்டாலும் விரிகிறது. பட்டுக்கூடு விலையைத் தொட்டால் ஒன்றும் நடப்பதில்லை, இல்லையென்றால் பக்கத்து விளம்பரம் திறந்துகொள்கிறது. அந்தக் கட்டங்கள் எழுத்தாக ஏற்றப்படவில்லை, பக்கத்தின் படத்தோடு படமாகக் கிடக்கின்றன. அதனால் இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டும். எங்கள் ஊர் சிக்னலில் அது தெளிவதற்கு நேரமாகும், தெளிந்தாலும் ஓரங்கள் கலங்கியே இருக்கும். கிலோ 580 ரூபாயா 530 ரூபாயா என்று தெரியாமல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பேன். நூறு முட்டைத்தொகுதிக்கு (ஒரு தொகுதி என்பது ஒரு அந்துப்பூச்சி இட்ட முட்டைகள்) எழுபது கிலோ கூடு எடுக்கிற வீட்டில் அந்த ஒரு எண்ணின் வித்தியாசம் 3,500 ரூபாய். கூடு கட்டி முடித்த புழுவும் காத்திருக்காது. சந்திரிகையில், அதாவது புழு கூடு கட்டுகிற தட்டில், ஏற்றிய ஐந்தாறு நாளில் கூட்டைப் பறித்துவிட வேண்டும், விட்டால் புழு அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும், அப்புறம் அதில் நல்ல நூல் எடுக்க முடியாது. தருமபுரிக்கே கொண்டு போவதா, வண்டி பிடித்து பெங்களூரைத் தாண்டி ராமநகரம் பட்டுக்கூடு அங்காடிக்குப் போவதா என்று அதற்குள் முடிவு செய்தாக வேண்டும்.

இதில் இன்னொன்றும் சேர்கிறது. படமாக இருப்பதை அந்தக் குரலால் வாசிக்க முடியாது. டெல்லியை வாசிக்கிறது, உக்ரைனை வாசிக்கிறது, கிரிக்கெட் ஸ்கோரை வாசிக்கிறது. எல்லாம் முடிந்ததும் அம்மா கேட்பார்: "ஏன்டா, கூட்டு ரேட்டு மட்டும் இது சொல்லவே மாட்டேங்குதே?" நான் வந்து பெரிதாக்கிப் படித்துச் சொல்ல வேண்டும். நான் தருமபுரிக்குப் போயிருந்தால் சாயங்காலம்வரை அம்மாவுக்கு அந்தத் தகவல் இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் வருமே என்று சிலர் சொல்வார்கள். வருகிறது, அதை அனுப்புகிறவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் தேதி இருக்காது. முந்தாநாள் படம் இன்று காலை வேறொரு குழுவிலிருந்து சுற்றி வரும். பேப்பரில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி இருக்கிறது, தப்பாகப் போட்டால் நாளை திருத்தம் போட வேண்டிய பொறுப்புள்ள ஒரு அலுவலகம் இருக்கிறது. அதற்குத்தான் காசு கொடுக்கிறேன். அதே குழுக்களில் தினமும் காலையில் மொத்தப் பேப்பரும் பி.டி.எஃப்.-ஆக இலவசமாக வருகிறது. அது சட்டவிரோதம் என்று பத்திரிகைகளின் சங்கமான இந்தியன் நியூஸ்பேப்பர் சொசைட்டி 2020-லேயே சொன்னது. நான் அதைத் திறப்பதில்லை. அங்காடிக்குப் போய் விலையை எழுதி வருகிற பகுதிநேர நிருபருக்கு ஏற்கெனவே கிடைப்பது சொற்பம், அதையும் நான் ஏன் குறைக்க வேண்டும்?

பத்திரிகைகளின் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. கடையில் நாம் கொடுக்கிற காசு காகிதத்துக்கும் அச்சு மைக்கும் கூடப் போதாது, விளம்பரம்தான் மிச்சத்தைத் தாங்கியது. வாசகர்கள் போனுக்குப் போனதும் விளம்பரப் பணத்தில் பெரும்பங்கு கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போய்விட்டது. அச்சுக் காகிதத்தில் பெரும்பகுதி இறக்குமதி. 2019 பட்ஜெட்டில் அதன்மேல் 10 சதவீதச் சுங்க வரி போட்டார்கள், அடுத்த ஆண்டு 5 ஆகக் குறைத்தார்கள். 2022-ல் உக்ரைன் போர் வந்ததும் காகித விலை மறுபடி எகிறியது. 1941-ல் தொடங்கிய, நம் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி தொடர்ந்து எழுதிவந்த கல்கி வார இதழே 2020-ல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போனது. வியன்னாவில் 1703-ல் தொடங்கிய வீனர் சைட்டுங் 2023 ஜூன் 30-ஓடு தினசரி அச்சை முடித்துக்கொண்டது. முந்நூறு வருடத்துப் பத்திரிகைக்கே இந்த நிலை என்றால் பாலக்கோடு லைன் நின்றதில் ஆச்சரியம் இல்லை.

என் சண்டை காகிதம் போனதற்காக அல்ல. போனுக்கு மாறும்போது எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள், எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் சண்டை. இப்போது எந்தச் செய்தியை எத்தனை பேர் தொட்டார்கள் என்று அலுவலகத்தில் எண்ணிப் பார்க்கிறார்கள். திறக்கவே திறக்காத கட்டத்துக்கு அந்தக் கணக்கில் என்ன எண் வரும்? பூஜ்ஜியம்தான். நாளைக்கு இடம் குறையும்போது, யாருமே படிக்காத பகுதி என்று அதைத்தான் முதலில் எடுப்பார்கள். ஒரு மாவட்டமே தேடிப் படிக்கிற விஷயம், படிக்க வழியில்லாததால் யாரும் படிக்காத விஷயமாகக் கணக்கில் ஏறும். அதே ஆப்பில் 'உங்கள் மாவட்டம்' என்று தனிப் பகுதி இருக்கிறது. அதைத் திறந்தால் விபத்து, கொலை, கள்ளக்காதல், சிசிடிவி வீடியோ. அவையும் எங்கள் மாவட்டத்தில் நடந்தவைதான். ஆனால் தருமபுரி மாவட்டம் என்றால் அவ்வளவுதானா?

இதை வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். 'உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்' என்று உடனே ஒரு பதில் வந்தது, அத்தோடு சரி. அடுத்த தடவை ஸ்கிரீன்ஷாட்டில் வட்டம் போட்டு அனுப்பினேன். ஒரு பெண் போன் செய்து பொறுமையாகக் கேட்டார், தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். அதன்பின் இரண்டு முறை ஆப் புதுப்பிக்கப்பட்டது. நிறம் மாறியது, ஜோதிடம் தனிப் பகுதியாக வந்தது, சின்ன விளையாட்டுகள் வந்தன. கட்டம் அப்படியேதான் இருக்கிறது. பெரிய வேலை ஒன்றும் இல்லை. பக்கம் அமைக்கும்போது அந்த நாலு வரியையும் எழுத்தாகவே ஏற்றிவிட்டால் போதும்.

சந்தா முடிந்து புதுப்பிக்கக் கொஞ்சம் தாமதமானால் பழைய தேதிகளும் பூட்டிக்கொள்கின்றன. காசு கொடுத்துப் படித்த போன வருடத்துப் பேப்பரும் கிடைக்காது. காகிதப் பேப்பர் என்றால் படித்த பிறகும் எங்கள் வீட்டில் அதற்கு வேலை இருந்தது. புழுத் தட்டில் விரிக்கப் பழைய பேப்பர் வேண்டும். இப்போது அதைக் கடையில் கிலோ கணக்கில் வாங்குகிறோம்.

ஓசூரில் வேலை செய்கிற தம்பி ஒருவர், முன்பு என்னோடு வேலை பார்த்தவர், நேற்றும் கேட்டார்: "அண்ணா, பாதி வெலைதானே, போட்டுடவா?" அவருடைய போன் ஓசூரிலேயே அவரை பெங்களூர்க்காரர் என்று நினைத்துக்கொண்டு அங்கே சில்க் போர்டு சந்திப்பின் போக்குவரத்து நெரிசலைக் காட்டுகிறதாம். நான் சொன்னது: "வேண்டாம் தம்பி. உங்க தெருவுக்குப் பையன் பேப்பர் கொண்டுவந்து போடுறான்னா, அவன் வர்ற வரைக்கும் அதையே வாங்குங்க. நீங்க நிறுத்துனா அவன் லைனும் நிக்கும்." பேப்பர் வராத ஊரில் இருப்பவர்கள், வீட்டில் எழுத்து தெரியாத பெரியவர்கள் இருப்பவர்கள், தாராளமாகக் கட்டலாம். அந்தக் குரலுக்காக நான் போன வாரமே இன்னொரு வருடத்துக்குக் கட்டிவிட்டேன்.

கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பாதி விலை முதல் வருடத்துக்கு மட்டும்தான். பணம் கட்டும் பக்கத்தில் அடியில் 'தானாகப் புதுப்பி' என்று ஒரு டிக் ஏற்கெனவே போட்டிருக்கும், அதை எடுத்துவிட்டுக் கட்டுங்கள். அப்புறம் அமைப்புகளில் போய்ப் பதிப்பைத் தருமபுரி என்று மாற்றுங்கள், இல்லாவிட்டால் தினமும் சென்னைப் பதிப்புதான் திறக்கும். கட்டச் செய்தி பற்றி நீங்களும் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நான் ஒருவன் எழுதினால் ஒரு புகார், பத்துப் பேர் எழுதினால் அதைப் பார்க்கவாவது செய்வார்கள்.