45 சுற்று, 80 விழுக்காடு ஈரப்பதம்

ஜோகூர் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, அறுபதுகளில் வந்த மலாய் ராக் இசைத்தட்டுங்க சேர்க்கலாம்னு பார்க்கிறேன். நீங்க இத்தனை வருஷமா வச்சிருக்கீங்க, எப்படி இருக்கு? ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் போடுவீங்க?" வாட்ஸப்பில் இரண்டு வரியில் அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. அன்று காலைதான் ஒரு தட்டின் உறையைப் பிரித்து, உள்ளே பூஞ்சை வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தேன். அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன். கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

எந்தத் தட்டு என்று இதைப் படிக்க வந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஏழு அங்குலம், நிமிடத்துக்கு 45 சுற்று, பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு பாட்டு, வழவழப்பான பட உறை. அந்த மலாய் ராக் இசைக்குப் பெயர் பாப் யே யே. 1961இல் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூர் வந்து வாசித்துவிட்டுப் போன பிறகு இங்கே பையன்கள் கையிலெல்லாம் மின்கித்தார். பீட்டில்ஸ் வந்ததும் அதே பையன்கள் பாடவும் தொடங்கினார்கள். 1964இல் மலாய்ப் பாடகர் எம். உஸ்மானின் 'சுசானா' வந்தது. அதே ஆண்டு, குவீன்ஸ்டவுன் பள்ளிக்கூடப் பையன்கள் தொடங்கிய குவெஸ்ட்ஸ் குழுவின் 'ஷாண்டி', ஒரு சொல் கூடப் பாடாத வெறும் கித்தார் இசை, இங்குள்ள பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் பீட்டில்ஸை முதலிடத்திலிருந்து இறக்கியது. வரலாறு இவ்வளவு போதும். என் பிரச்சினை பூஞ்சை.

விலையைப் பற்றி எல்லாரும் அழுவார்கள். தட்டு கிடைப்பதே இல்லை என்பார்கள். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டோடும் வாழ்ந்துவிடலாம். பூஞ்சையோடு முடியாது. தட்டைச் செய்திருக்கும் வினைல் பிளாஸ்டிக் அதற்குப் பெரிய தீனி இல்லை. உறைக் காகிதம், தூசி, அறுபது வருஷமாக யார் யாரோ விட்டுப்போன விரல் எண்ணெய், இவைதான் தீனி. ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டையொட்டி ஈரப்பதம் இருக்கும் ஊரில், வீவக அடுக்குமாடி வீட்டு அலமாரிக்குள் வேறு என்ன நடக்கும்? கீறல் விழுந்த தட்டு 'டக், டக்' என்று சுற்றுக்கு ஒருமுறை சொல்லிவிட்டுப் போகும், காது பழகிவிடும். பூஞ்சை பிடித்த தட்டு அப்படியில்லை. பக்கத்து வீட்டில் யாரோ விடாமல் எதையோ பொரித்துக்கொண்டிருப்பதுபோல, பாட்டுக்கு அடியில் தொடக்கம் முதல் கடைசி வரை ஓடும்.

இதில் விற்பவர்கள் செய்வது தனிக் கொடுமை. பெயர் வேண்டாம், இணையத்தில் ஒருவரிடம் நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து 'வெரி குட் பிளஸ்' என்று தரம் போட்டிருந்த ஒன்று வாங்கினேன். நேர் வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. மேசை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது, ஊசி ஓடும் வரிக்குள் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்ன மரம் கிளைவிட்டதுபோல. கேட்டதற்கு, "பழசுன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார். அப்படியானால் எதற்கய்யா பிளஸ்?

கழுவினால் போகாதா என்று கேட்பீர்கள். பாதி போகும். நான் செய்வது இது: காய்ச்சி வடித்த நீர், கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. நடுவிலிருக்கும் லேபிளில் ஈரம் படவே கூடாது. பட்டால் சாயம் கரையும், தட்டின் மதிப்பும் சேர்ந்து கரையும். மென்மையான தூரிகையால் வரியோடு வரியாகத் தேய்த்து, நீரை உறிஞ்சி எடுத்து, வெறும் நீரில் இன்னொரு முறை. பிறகு பழைய உள்ளுறையைத் தூக்கிக் குப்பையில் போட்டே ஆகவேண்டும். தட்டை மட்டும் கழுவி அதே காகிதத்துக்குள் திரும்ப வைப்பது வீண்வேலை, பூஞ்சையின் வித்து அதில்தான் உட்கார்ந்திருக்கிறது. பட உறையை என்ன செய்வது? அதைக் கழுவ முடியாது. காய்ந்த துணியால் ஒற்றி, கேமராக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி உலர்பெட்டிக்குள் வைக்கிறேன். பெட்டி நிறைந்துவிட்டது. பெரிய பெட்டி வாங்கலாம் என்று சொன்னதற்கு வீட்டில் வந்த பதிலை இங்கே எழுத முடியாது.

சிலர் கனமான பிவிசி உறை போட்டு இறுக்கி மூடிவிடுவார்கள். அதைச் செய்யாதீர்கள். அந்த பிளாஸ்டிக்கை இளக்கமாக வைத்திருக்கும் வேதிப்பொருள் மெல்லத் தட்டுக்கு இறங்கி, மேலே புகைபடிந்த மாதிரி ஆகிவிடும். அது கழுவினாலும் போகாது.

2017இல் மூடப்படும் வரை சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில் தரையில் விரித்து விற்ற தட்டுகளில் இந்தத் தொல்லை குறைவாக இருந்தது. வெயிலில் காய்ந்து காய்ந்து பூஞ்சை செத்திருக்கும். தட்டும் வளைந்திருக்கும் என்பது வேறு கதை.

சரி, நியாயமாகவும் இரண்டு சொல்லவேண்டும். இந்தத் தட்டுகள் பெரும்பாலும் மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரிக்காத ஒற்றை ஒலி. பாட்டு முழுவதும் வரியின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது, இரைச்சலில் கணிசமான பகுதி மேலும் கீழுமான அசைவு. பெருக்கியில் மோனோ பொத்தானைத் தட்டினால் அந்தப் பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடும். அந்த நொடியில் கித்தார் முன்னால் வந்து நிற்கும் பாருங்கள்! எதிரொலி தோய்ந்த அந்த ஒற்றைக் கித்தார், கொஞ்சம் அவசரப்படும் டிரம், மலாய்ப் பாட்டின் இழுவையை விடாமலே ராக் பாட முயலும் குரல். யூடியூபில் கேட்பது இதன் நிழல்கூட இல்லை. பழைய தட்டுக்கென்று சற்று அகலமான மோனோ ஊசி வாங்கினேன். அது வரியில் கொஞ்சம் மேலே நின்று ஓடுவதால், அந்தக் காலத்து ஊசிகள் உழுது வைத்த இடத்தை விட்டுவிடுகிறது. இத்தனை வருஷத்தில் உருப்படியாகச் செலவழித்த காசு அதுதான்.

இன்னொன்று, உறையின் பின்பக்கம். பலவற்றில் வெளியான ஆண்டை அச்சிடவே இல்லை. ஆனால் என்னிடம் உள்ள ஒன்றில் யாரோ நீலப் பேனாவில் ஹரி ராயா வாழ்த்தும் 1967 என்ற ஆண்டும் எழுதியிருக்கிறார்கள். பாட்டுப் பெயர்களில் மூன்றாவதற்கு மட்டும் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். போட்டுக் கேட்டேன், மூன்றாவதுதான் நல்ல பாட்டு. 'உறையில் எழுத்து உள்ளது' என்று விலையைக் குறைத்துத்தான் விற்றார்கள். நானென்றால் அதற்காகக் கூடுதல் விலையே கொடுத்திருப்பேன்.

ஆனாலும் நண்பரே, நான் சொல்வது வேண்டாம் என்பதுதான். இந்தப் பாட்டுகளுக்கு இப்போது தொகுப்புகள் வந்துவிட்டன, அவற்றை வாங்கிக் கேளுங்கள். அறையில் இரவும் பகலும் ஈரத்தை இழுக்கும் கருவி ஓட்டி, அதன் தண்ணீர்த் தொட்டியைத் தினமும் கொட்டிக்கொண்டிருக்கத் தயாராக இருந்தால் மட்டும் மறுபடி பேசுவோம். மதிப்பெண் கேட்டிருந்தீர்கள்: இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. போன மாதம் கேட்டிருந்தால் நாலரை சொல்லியிருப்பேன். அந்த இரண்டுகூட மோனோ பொத்தானுக்கு.