கிழட்டு எலியின் சிறுநீர்ப்பை: தாளா, குழாயா?

வயதான சுண்டெலியின் சிறுநீர்ப்பை சும்மா சும்மா முடுக்குமா, அல்லது மந்தமாகிப் போகுமா? எப்படி அளந்தீர்கள் என்பதைப் பொறுத்துப் பதிலே மாறிவிடுகிறது.

முதல் முறை தாள். கூண்டின் தரையில் வடிதாளை விரித்து, எலியைத் தனியாக விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் நான்கு மணி நேரம். அப்புறம் தாளைப் புற ஊதா விளக்கின் கீழ் பிடித்தால் சிறுநீர்க் கறைகள் ஒளிரும். கறையின் பரப்பிலிருந்து அளவைக் கணக்கிடலாம். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. அதே எலியை 3 மாதத்திலும் 24 மாதத்திலும் சோதிக்கலாம். முதுமையை ஆராய்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தொல்லையும் உண்டு. எலி தாளைக் கடித்துக் குதறும். ஒரே மூலையில் இரண்டு முறை போனால் கறைகள் ஒன்றாகிவிடும். இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய தொல்லை, எலிக்குச் சிறுநீர் கழிவு மட்டுமல்ல என்பதுதான். 1973-இல் சயன்ஸ் இதழில் டெஸ்ஜார்டின்ஸ் குழு இதைக் காட்டியது: கோலோச்சும் ஆண் எலி கூண்டுத் தரை முழுக்கத் தெளித்து வைக்கிறது, அடங்கிப்போன ஆண் மூலையில் சில குட்டைகளாக விட்டுவிடுகிறது. ஆக, தாள் நிறையப் புள்ளிகள் இருந்தால் அது நோயா, அதிகாரமா? பொழுதும் குறுக்கே வரும். எலி இரவில் விழித்திருக்கும் பிராணி. பகலில் தூங்கும்போது பை அதிகம் பிடித்து வைக்கும். காலையில் இளசுகளையும் மாலையில் கிழடுகளையும் சோதித்து ஒப்பிட்டால் உழைப்பு வீண்.

இரண்டாவது சிஸ்டோமெட்ரி. வயிற்றைத் திறந்து, பையில் மெல்லிய குழாயைச் செருகி, உப்புநீரை ஏற்றிக்கொண்டே அழுத்தத்தைப் பதிவு செய்வது. பை எப்போது சுருங்கியது, எவ்வளவு வலுவாகச் சுருங்கியது என்பதைத் தாள் சொல்லாது, இது சொல்லும். ஆனால் எலியின் சிறுநீரகம் நாளுக்கு ஏறக்குறைய 1 முதல் 2 மில்லிலிட்டர்தான் சுரக்கிறது, அதாவது நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் அளவில். பம்ப்போ பல ஆய்வுகளில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஏற்றுகிறது. மயக்க மருந்தும் சேர்ந்துகொள்ளும். ஐசோஃப்ளூரேன் சிறுநீர் கழிக்கும் அனிச்சையையே அமுக்கிவிடும். அதைப் பெருமளவு விட்டுவைக்கும் யூரிதேனோ நச்சு. சோதனை முடிந்தபின் அந்த எலியை மீண்டும் பயன்படுத்த முடியாது.

சரி, முடிவுகள்? 2012-இல் ஸ்மித் குழு யூரிதேன் மயக்கத்தில் அளந்தபோது, வயதான எலிகளின் தசை வலு அப்படியே இருந்தது. பை நிரம்புவதை உணர்வதுதான் மங்கியிருந்தது. 2014-இல் டேலி குழு 3 மாத, 24 மாத ஆண் எலிகளை இயல்பாக விட்டுப் பார்த்தபோது, கிழடுகள் அடிக்கடி சிறுநீர் கழித்தன. உடலிலிருந்து வெளியே எடுத்த பையில் அளந்தபோது உணர்வு நரம்புகளும் கூடுதலாகவே துடித்தன. ஒன்றுக்கொன்று நேரெதிர். இதற்காக யாரையும் பொய்யர் என்று சொல்லத் தேவையில்லை. விழித்திருக்கும் மூளை ஒருபக்கம், மயங்கிய மூளை மறுபக்கம் என்றிருக்கும்போது இரண்டும் ஒத்துப்போயிருந்தால்தான் ஆச்சரியம்.

என் ஓட்டு முதலில் தாளுக்கு. ஒரே நேரம், ஒரே தாள், தனிக்கூண்டு, பலமுறை. அதில் வித்தியாசம் தெரிந்தால், ஏன் என்று கேட்கக் குழாய். அப்போதும் பம்ப் வேகத்தை எழுதியே ஆகவேண்டும். மயக்கத்தில் சுருங்கவே மறுத்த கிழட்டு எலிகளைக் ‘கோளாறான பதிவு’ என்று ஒதுக்காமல் எண்ணிக்கையில் சேர்க்கவும் வேண்டும்.