துவாஸ் விடுதியிலிருந்து எங்கே போவது?

"அண்ணே, ரெண்டு மாசமா சம்பளம் வரல. யார்கிட்ட போறது?" ஊர்க்காரத் தம்பி ஒருவன் சனிக்கிழமை இரவு போன் செய்தான். சிங்கப்பூரில் கட்டுமான வேலை, தங்குவது மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸ் ஊழியர் விடுதியில். 2017இல் துவாஸ் லிங்க் வரை எம்ஆர்டி ரயில் வந்துவிட்டது, சரி. ஆனாலும் விடுதியிலிருந்து பஸ் பிடித்து, ரயில் மாறித் தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா, வருவதற்குள் பாதிக் காலை போய்விடும். கையில் இருப்பது ஒரு ஞாயிறு. அதை வைத்துத்தான் எங்கே போகலாம் என்று யோசித்தோம்.

கிட்டத்தில் இருப்பது மனிதவள அமைச்சுதான். ஊழியர்களின் குறைகளைக் கேட்க அதன் ஃபாஸ்ட் (FAST) குழு அதிகாரிகள் விடுதிகளுக்கே வருகிறார்கள். பயணச் செலவு இல்லை, லீவு வேண்டாம். தம்பிக்குத்தான் தயக்கம்: நாலு பேர் பார்க்க அதிகாரியிடம் பேசினால் கம்பெனி காதுக்குப் போய்விடுமோ என்று. வேலை பெர்மிட்டை ரத்து செய்வது கம்பெனி கையில் இருக்கும்போது, அந்தப் பயத்தை நான் கிண்டல் செய்ய மாட்டேன்.

அடுத்தது வெளிநாட்டு ஊழியர் நிலையம். 2009இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பான என்டியுசியும் முதலாளிகள் சம்மேளனமும் சேர்ந்து தொடங்கியது. 6536 2692 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். முதலாளிகளும் சேர்ந்து நடத்துவதால் சிலருக்கு நம்பிக்கை இல்லை. எனக்கு அது குறையாகப் படவில்லை. அங்கிருந்து போன் போனால் கம்பெனி எடுக்கும்.

டிடபிள்யூசி2 (TWC2) என்ற தொண்டு அமைப்பு வேறு மாதிரி. அதிகாரம் கிடையாது, தொண்டூழியர்கள்தான். ஆனால் உட்காரவைத்து ஐபிஏ கடிதம் (பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல்), சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். அடிபட்டு வேலையில்லாமல் வழக்குக்குக் காத்திருப்பவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் 2008 முதல் இலவசச் சாப்பாடு தருவதும் அவர்கள்தான். வேலையும் இல்லை, கையில் காசும் இல்லை என்றால் நான் முதலில் அங்கேதான் அனுப்புவேன். உடம்போ மனசோ சரியில்லை என்றால் ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பு.

இவர்கள் எல்லாரும் துணைக்கு வருவார்கள். பணத்தைக் கேட்டு மனு போட வேண்டிய இடம் மட்டும் டிஏடிஎம் (TADM), சம்பளத் தகராறுகளைப் பார்க்கும் அமைப்பு. முதலில் இரு தரப்பையும் வைத்துச் சமரசம் பேசுவார்கள், முடியாவிட்டால் நடுவர் மன்றம். அங்கே வக்கீல் கிடையாது, உச்சவரம்பு பொதுவாக 20,000 சிங்கப்பூர் வெள்ளி. வேலையில் இருந்தால் ஒரு வருடத்துக்குள் மனு போட வேண்டும், வேலை போய்விட்டால் 6 மாதம்தான். சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓவர்டைமும் வந்திருக்க வேண்டும். 'அடுத்த மாசம் சேர்த்துத் தரேன்' என்று சூப்பர்வைசர் சொல்வதை நம்பி அந்தக் கெடுவைத் தாண்டவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

மனு இணையத்தில், சிங்பாஸ் என்ற அரசாங்க மின் அடையாளக் கணக்கு வழியாக. தம்பிக்கு ஆங்கிலம் தடுமாற்றம். அதனால் இரவே ஊழியர் நிலையத்துக்கு போன் போட்டோம், ஞாயிறு தேக்காவில் உட்கார்ந்து மனுவை நிரப்பினோம். பாஸ்போர்ட் நகல், பெர்மிட், ஐபிஏ எல்லாம் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான். டைம் கார்டை மட்டும் விட்டுவிட்டான். திங்கள் விடியற்காலை, லாரி ஏறுவதற்கு முன் படம் எடுத்து அனுப்பினான்.